சிங்கப்பூருக்குப் போன கோழி

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் எங்கள் பெர்மாஸ் ஜெயாவில் எந்தப் புதுச் சாப்பாட்டுக் கடை திறந்தாலும் என் வலைப்பூவில் கிண்டலடித்து எழுதுவேன். படிப்பைப் பாதியில் விட்டவன்தான். ஆனாலும் நான் எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் சாப்பிடக் கிளம்புவார்கள்.

ஸ்டெல்லா அக்கா புதிதாகத் திறந்த வாழையிலைக் கடைக்கு நான் போன அன்று கோழியும் இல்லை, ஆடும் இல்லை. 'நம் ஊர்க்காரர்களைப் போல இந்தக் கடைக் கோழியெல்லாம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டது' என்று எழுதினேன். ஊரே சிரித்துப் பகிர்ந்தது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம் மறுபடி போனேன். சாப்பாட்டு நேரத்தில் கடை காலியாக இருந்தது. வலைப்பூவில் என் படம் இருப்பதால் அக்காவுக்கு என்னை உடனே தெரிந்துவிட்டது. இலை போட்டுக் கோழிப் பிரட்டலை வைத்தார்.

"சாப்பிடு தம்பி. உன் கோழி சிங்கப்பூர்லேருந்து லீவுல வந்திருக்கு."

"அன்னிக்கு ஏன்க்கா இல்ல?"

"அன்னிக்கு வெள்ளிக்கிழமை லா. ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலத்துல வெள்ளிக்கிழமை நாங்க இறைச்சி தொட மாட்டோம். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இப்படியே போனா இந்த மாசத்தோட கடைய மூட வேண்டியதுதான்."

பிரட்டல் அருமையாக இருந்தது. அதுதான் இன்னும் உறுத்தியது.

"மூடாதீங்கக்கா. எழுதிக் கெடுத்தவனே எழுதிச் சரி பண்றேன்."

"வாய்தான் நீளம் உனக்கு" என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

அன்றே உண்மையை எழுதினேன். கிண்டலைப் பகிர்ந்தவர்கள் யாரும் அதைச் சீண்டவில்லை. நான் விடவில்லை. தினமும் அங்கே சாப்பிட்டு, தினமும் ஒரு பதார்த்தத்தைப் பற்றி எழுதினேன். மாதம் முடிந்தது, அக்கா கடையை மூடவில்லை. இப்போது மதியத்தில் நான்கு மேசை நிறைகிறது.

கிண்டலை இன்னும் விடவில்லை, ஆனால் கடைக்காரரிடம் காரணம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒரே வரியில் நான் காலி செய்த கடை அது. மற்ற மேசைகளும் நிறைய எத்தனை வரி வேண்டுமோ, அத்தனையும் எழுதுவேன்.