கடலில் ஒரு பெரட்டு

மலேசியாவின் போர்ட்டிக்சன் கடலில் இடுப்பளவு நீரில் நின்று தேவி ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுகிறாள். பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மிதக்க வருகிறவர்களுக்குப் பவளப்பாறைகளைக் காட்டுவது அவள் வேலை. தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுவதைப் பெரட்டு என்பார்கள். இவள் கடலிலும் பெரட்டு வைக்கிறாள், இறங்கும்போதும் ஏறும்போதும். சீனரோ மலாய்க்காரரோ, 'இருக்கேன்' என்று தமிழில்தான் சொல்ல வேண்டும். இப்போது ஏறும் நேரம்.

"லிம்!"

பதில் இல்லை. தூரத்தில் களைத்துப்போன லிம், பாறைமேல் காலூன்றப் பார்க்கிறார்.

"ஜாங்கான் பிஜாக்! மிதிக்காதீங்க!" கத்திக்கொண்டே மிதவையோடு பாய்கிறாள். அதன்மேல் அவரைக் குப்புறப் படுக்கவைத்து இழுத்து வருகிறாள்.

"கொஞ்ச நேரம் அதுமேல நின்னு மூச்சு வாங்கியிருக்கலாமே?" என்கிறேன், கூட மிதக்க வந்த நான்.

"அது கல்லு இல்லண்ணே, உசிரு. மிதிச்சா அதும் சாவும், இவரு காலும் கிழியும் லா."

பெரட்டு மறுபடி முதல் பெயரிலிருந்து தொடங்குகிறது. என் தாத்தாவைப் பால்மரக் காட்டுக்கு விரட்டிய பெரட்டு இங்கே ஆளைக் காப்பாற்றுகிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"லிம்!"

இருமலுக்கு நடுவே, கரைக்கே கேட்கும்படி அவர் கத்துகிறார்: "இருக்கேன்!"