விரிப்பின் அந்தப் பக்கம்

ஆவணப்பட விழாவுக்குக் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் கிளம்பி வந்த ஒரே ஆள் லாண்ட்ரிக்காரராகத்தான் இருக்கும். மற்றவர்கள் தூங்கி எழுந்த சட்டையோடு, தோளில் துணிப்பையோடு வந்திருந்தார்கள். இவர் தேய்த்த சட்டை, வழித்த முகம். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் குடையைப் போட்டு இடம் பிடித்தார். யாருக்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பழக்கதோஷம்.

ஆஸ்பத்திரி லாண்ட்ரியில் அவரும் மனைவியும் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அங்கே படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, அவள் தன் முனைகளை இவர் கையில் கொடுக்க வேண்டும். துவைத்த துணி தரையில் பட்டால் மறுபடியும் மெஷினுக்குத்தான். அவளோ குள்ளம். அதனால் இவருக்கு நாள் முழுக்க ஒரே பாட்டு: "தூக்கிப் பிடி, தரையில படப்போகுது!"

அவளும் தலைக்கு மேல் தூக்குவாள். துணிக்குப் பின்னாலிருந்து, "உங்க வாய்க்கு ஓய்வே கிடையாதா?" என்று பதில் வரும். கிட்டே வந்து துணி இறங்கும்போது பார்த்தால், முகம் சிரித்துக்கொண்டிருக்கும். ஒரு நொடிதான். அடுத்த விரிப்புக்குப் போய்விடுவாள். ஆனால் எத்தனை விரிப்போ அத்தனை சிரிப்பு.

போன வருஷம் நெஞ்சுவலி என்று அதே ஆஸ்பத்திரியில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. வீட்டில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறார், அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. அதில் பால் பொங்கி வழிந்துவிட்டதுபோல் முறைத்துக்கொண்டு இருப்பாள். கொஞ்ச நாளாக, கண்ணை மூடினாலும் அந்த முறைப்புதான் வருகிறது. சிரிப்பு வரமாட்டேன் என்கிறது. அவள் போனதைவிட இது அவருக்குப் பயமாக இருந்தது.

அவள் நன்றாக இருந்தபோது ஒரு பெண் கேமராவோடு வந்து லாண்ட்ரியைப் படம் பிடித்துப் போனாள். அந்தப் படம்தான் இன்றைக்கு. ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், பிறகு மறக்காது என்று இவருக்கு ஒரு நம்பிக்கை.

படம் ஓடியது. மெஷின் சுற்றியது, ஆவி கிளம்பியது. சூப்பர்வைசர், தான் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியே நாறிப்போகும் என்று அளந்தார். பிறகு மடிக்கிற இடம் வந்தது. வெள்ளை விரிப்பு. அதற்குக் கீழே அவளுடைய ரப்பர் செருப்பு, மேலே விரல்கள். திரையில் இவர் வாய் அசைந்தது. சத்தம் கேட்கவில்லை, வயலின் வாசித்தார்கள். லாண்ட்ரியில் வயலினுக்கு என்ன வேலையோ! விரிப்பு இன்னும் உயர்ந்தது. செருப்பு கிட்டே வந்தது. லாண்ட்ரிக்காரர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். விரிப்பு இறங்கத் தொடங்கியதும் மறுபடி மெஷின் சுற்றியது.

இன்னொரு விரிப்பு வந்தது. அதுவும் அப்படியே. மூன்றாவதும் போனபோது படமே முடிந்து எல்லோரும் கைதட்டினார்கள்.

படம் எடுத்த பெண் இவரைக் கண்டுகொண்டு ஓடிவந்தாள். "ஐயா! வந்துட்டீங்களா? அம்மா வரலையா?"

"அவ போய்ச் சேர்ந்துட்டாம்மா."

அந்தப் பெண் இவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இவரே கேட்டார்: "மடிச்சு முடிக்கிற இடம் வரவே இல்லையேம்மா?"

"அந்த இடத்துல எல்லாம் அம்மா சிரிச்சுட்டாங்க ஐயா. கேமரா இருக்குன்னு சிரிக்கிறாங்க, இயல்பா இல்லைன்னு நினைச்சு வெட்டிட்டேன்."

"கேமராவுக்கு இல்லம்மா," என்றார். "அது எனக்கு."

அவள் கண் கலங்கிவிட்டது. வெட்டியது எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டார். கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்று போன மாதம்தான் அழித்தாளாம். "விடும்மா, உனக்கு எப்படித் தெரியும்," என்று இவர்தான் அவளைத் தேற்றி அனுப்பினார்.

கூடம் காலியானது. எழுந்து போக மனமில்லை, போனால் அந்த முறைப்புதானே. கூடத்து எலெக்ட்ரீஷியன் படம் காட்டிய வெள்ளைத் துணியை அவிழ்த்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு கை பிடிக்கிறீங்களா? ஒத்த ஆளா மடிக்க முடியல."

லாண்ட்ரிக்காரர் போய் இரண்டு முனையைப் பிடித்தார். கை தானாக உதறியது. வாய் தானாகச் சொன்னது: "தூக்கிப் பிடி, தரையில படப்போகுது!"

எலெக்ட்ரீஷியன் தலைக்கு மேல் தூக்கினார். முகம் மறைந்தது. துணிக்குக் கீழே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு மெல்ல நடந்து வந்தது. இவரும் நடந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

துணி இறங்கியது. மீசையில் வியர்வையோடு எலெக்ட்ரீஷியன் நின்றார்.

"பிடிங்கண்ணே," என்று தன் முனைகளை நீட்டினார். வாங்க இவருக்குக் கை எழவில்லை. துணி தரையில் விழுந்தது.