அகப்பை அப்பாத்துரையும் மாப்பிள்ளையின் கை உப்பும்

சேரன்மகாதேவியைச் சுற்றியுள்ள சபைகளில் அகப்பை அப்பாத்துரை என்றால் தெரியாதவர் கிடையாது. களக்காட்டில் பெண் எடுத்த ஆசீர்வாதத்தின் மூத்த மகன். கெசியாவுக்கு உடன்பிறந்த அண்ணன். அந்தக் கெசியாவைக் கட்டிய மாப்பிள்ளை நேசையாவுக்கு மச்சான். வருஷமெல்லாம் வயலில் கிடப்பவர்தான். ஆனால் ஸ்தோத்திரப் பண்டிகை முடிந்து, சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் இருந்து ஆட்டுக்கறிச் சோறு உண்ணும் அசனம் வந்துவிட்டால், கோயில் வளவுக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். பெரிய செப்புக் கிடாரத்தின் முன்னால் அகப்பையோடு நின்றாரானால் சபையைக் கவனிக்கும் உபதேசியார்கூட ஒதுங்கித்தான் போவார்.

அந்த அகப்பைக்கே ஒரு வருஷம் ஆபத்து வந்தது. செங்கோட்டைக்கு ரயில் ஓடத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம்.

அதற்கு வெகு முந்தியே ஓர் அசனத்தில், நேசையா முதல் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு, "மச்சான், உப்பு கொஞ்சம் தூக்கல்லா?" என்று பந்தி நடுவே கேட்டுவிட்டார். கேட்டது அவ்வளவுதான். அன்றோடு பேச்சு நின்றது. பிறகு கெசியாவுக்குப் பிள்ளைகள் பிறந்தன. ஞானஸ்நானத்துக்கு வந்த தாய்மாமன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவார். தகப்பன் பக்கம் திரும்பாமலே போய்விடுவார்.

ஆனால் மனஸ்தாபம் உள்ளவர்களுக்கு நற்கருணை கிடையாது என்பது சபைக் கட்டளை. ஆகவே பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை இருவரும் உபதேசியார் முன்னால் கைகொடுத்து ஒப்புரவாவார்கள். ஞாயிற்றுக்கிழமை நற்கருணை, திங்கட்கிழமை அசனம், இலை எடுத்த கையோடு பழையபடி முகத்திருப்பு. சபைக்கு இது பழகிப்போயிருந்தது.

அந்த வருஷம் பாளையங்கோட்டையிலிருந்து புதிதாக வந்த போதகருக்குத்தான் பழகவில்லை. போதகரை அந்நாளில் ஐயர் என்றே அழைப்பார்கள்.

"கை கொடுத்தாச்சு ஐயரே," என்றார் அப்பாத்துரை, சனிக்கிழமை ஒப்புரவு முடிந்ததும்.

"கொடுத்தீரு, சரி. கொடுத்த கைய ஏன் உடனே துண்டுல துடைக்கீரு?"

அப்பாத்துரை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பலிபீடத்துக்கு வருமுன்னே சகோதரனோட ஒப்புரவாகச் சொன்னது ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் இல்ல," என்றார் ஐயர். "உம்ம சமாதானம் கோயில் படியிலயே நின்னுருது. அது அடுப்பங்கரைக்கும் வரணும். ரெண்டு பேரும் இப்பவே சேந்து வீரவநல்லூர் போயி, அசனத்துக்கு ஆடு ஓட்டிட்டு வாங்க. முடியாதுன்னா அகப்பை வேற கைக்குப் போவும்."

அகப்பை என்றதும் அப்பாத்துரை வேட்டியை மடித்துக் கட்டினார். போனார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். திரும்பும் வழியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நேசையாவிடம் பனையோலைக் குடை இருந்தது.

"மச்சான், இங்கன வாரும். நனையுதீரு."

"எனக்கு இந்த மழை வேண்டித்தான் கிடக்கு," என்று அப்பாத்துரை விறைப்பாக நடந்தார். ஓர் ஆடு மட்டும் புத்தியாகக் குடைக்குள் நடந்து வந்தது.

திங்கட்கிழமை விடிந்தபோது அப்பாத்துரைக்கு மூக்கு அடைத்து, நாக்கு மரத்துப் போயிருந்தது. கிடாரத்தில் கறி வெந்து கொதித்தது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். வெந்நீரா குழம்பா என்றே தெரியவில்லை. விறகு தள்ளிக்கொண்டிருந்த பிச்சைக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

"ஏலே, உப்பு எப்படி இருக்கு பாரு."

"அமிர்தம் அண்ணாச்சி! உப்பு கச்சிதம்!"

"நான் இன்னும் உப்பே போடலையேலே!"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நேசையாவோடு முறுக்கிக்கொண்ட நாள்முதல் அவரிடம் மெய் சொல்ல இந்தச் சபையில் ஒரு வாயும் மிச்சமில்லை. இருந்த ஒரே வாய், வேப்பமரத்தடியில் வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தது. போனால் மானம் போகும். போகாவிட்டால் குழம்பு போகும். அகப்பையில் கொஞ்சம் மொண்டுகொண்டு பைய நடந்தார்.

"மாப்ள, ஒரு சொட்டு பாரும்."

"பரீட்சையா மச்சான்? நான் வாயத் தொறந்து பட்ட பாடு போதும்."

"மூக்கு அடைச்சிக் கிடக்குவே. ஒண்ணும் தெரியல."

"அன்னைக்குக் குடைக்குள்ள வந்திருக்கலாம்லா?"

"வந்திருக்கலாம்," என்றார் அப்பாத்துரை. கிடாரத்தைத் தனியாளாக இறக்கி வைப்பதுகூட அவருக்கு இத்தனை பாடாக இருந்திராது.

மசாலா அரைத்துக்கொண்டிருந்த கெசியா கத்தினாள்: "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கதுக்குள்ள குழம்பு அடி பிடிச்சிரும், பாத்துக்கோங்க!"

நேசையா எழுந்து வந்தார். அப்பாத்துரை உப்புக் கலயத்தை எடுத்தார், கொஞ்சம் தயங்கினார். பழைய பழியைத் தீர்க்க நினைத்தால் மாப்பிள்ளைக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது. ஊர் மொத்தமும் பந்திக்கு உட்கார வந்துகொண்டிருந்தது. ஆனாலும் அதுவரை எவரையும் தொட விடாத கலயத்தை நேசையாவிடமே நீட்டினார்.

"நீரே போடும்."

நேசையா அள்ளிப் போட்டார், கிண்டச் சொன்னார், ருசி பார்த்தார். மறுபடி கொஞ்சம் போட்டார். பிறகு கையை உதறிவிட்டார்.

"போதும்."

"போதுமா?"

"போதும்னா போதும் மச்சான்."

ஐயர் கண்ணை மூடி ஸ்தோத்திரம் பண்ணியபோது அப்பாத்துரை ஒரு கண்ணைத்தான் மூடினார். மறு கண் மாப்பிள்ளை மேலேயே இருந்தது. ஆமென் சொன்னதும் ஐயர் முதல் கவளத்தை வாயில் வைத்தார். மென்றார். இலையை முன்னால் தள்ளி, "இன்னும் கொஞ்சம் ஊத்தும்," என்றார்.

சாயங்காலம் மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்தே கிடாரம் துலக்கினார்கள்.

"மனசுல வச்சுக்கிடாதேயும் மச்சான்," என்றார் நேசையா. "ஆனா அன்னைக்கு உப்பு நெசமாவே தூக்கல்தான்."

அப்பாத்துரை கை சாம்பலோடு நிமிர்ந்தார். "தெரியும்வே. பந்திக்கு முன்னாலயே தெரியும். இல்லன்னா எனக்கு ஏன் அம்புட்டுக் கோவம் வருது?"

மறுவருஷம் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, ஒப்புரவுக்குச் சாட்சி நிற்க உபதேசியார் வழக்கம்போலக் காத்திருந்தார். இருவரையும் காணோம். தேடிப் போய்ப் பார்த்தால், கெசியா வைத்த ரசத்துக்கு இன்னும் ஒரு கல் உப்பு வேண்டுமா, வேண்டாமா என்று அவள் வீட்டு அடுப்பங்கரையில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.