மரத்தின் வடக்குப் பக்கம்

இன்று காலை பெங்களூர் நீலசந்திராவில் ஆட்டோ நகராமல் நின்ற இடத்தில் மண்ணெண்ணெய் வாசம் வந்தது. இந்தக் காலத்தில் யாருக்கு மண்ணெண்ணெய் கிடைக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். நைட்டியின் மேல் துண்டு போட்ட ஓர் அம்மா, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் சாலையோரத்துப் புங்க மரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைப் பெயிண்டில் கோடு. பாதி போயிருந்தது.

“அம்மா, அதை அழிக்காதீங்க!” என்று உள்ளிருந்தபடியே கத்தினேன்.

“நீ யாரு? வெட்ட வந்தவனா?”

“இல்லம்மா. அது மரத்தோட வடக்கு.”

அவர் நாரைக் கீழே போடாமலே என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வீட்டுக்குத்தான் வாஸ்து பாத்தீங்க. இப்ப மரத்துக்குமா?”

ஆட்டோக்காரர் சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது. அதற்குள் முன்னால் வழி கிடைத்து நகர்ந்துவிட்டோம். திரும்பிப் பார்த்தபோது அவர் மீதிக் கோட்டையும் தேய்க்க ஆரம்பித்திருந்தார். அந்த நிமிடத்தில்தான் எனக்கு அது தோன்றியது. கோட்டுக்குப் பக்கத்திலேயே, இது என்ன கோடு என்று எழுதி வைத்தால் என்ன? இவ்வளவுதான் யோசனை. இந்த மாதிரிக் கோடு போடுகிற வேலையிலேயே இருந்தபோது, இத்தனை பெரிய படிப்பு படித்தும், எனக்கோ என்னைச் சுற்றியிருந்தவர்களுக்கோ தோன்றாத யோசனை.

உங்களுக்கு அந்தக் கோட்டைச் சொல்லிவிடுகிறேன். சாலை அகலமாகும்போது சில மரங்களை வெட்டாமல், வேர்க்கட்டோடு தோண்டி எடுத்து வேறிடத்தில் நடுவார்கள். தோண்டுவதற்கு முன் அடிமரத்தின் வடக்குப் பக்கம் வெள்ளைக் கோடு போட வேண்டும். நடுகிற இடத்திலும் அந்தக் கோடு வடக்கையே பார்க்க வேண்டும். அதிகம் வெயில் படாத பக்கத்துப் பட்டையைத் திடீரென்று மேற்கு வெயிலில் காட்டினால் அது வெந்துபோகும். விஷயம் இவ்வளவு எளிது. ஆனால் வெட்டப்போகிற மரத்துக்குப் பெயிண்டில் எண் போடுவதும் நாங்கள்தானே! ஜனங்களுக்குப் பெயிண்ட் என்றால் பெயிண்ட்தான். பெயிண்ட் வந்தால் பின்னாலேயே ரம்பம் வரும்.

வனவியல் படித்துவிட்டுத் திருப்பத்தூரிலிருந்து பெங்களூருக்கு வந்தவன் நான். அரசாங்கத்தின் நகரக் காடு வளர்ப்புத் திட்டத்தில் ஒப்பந்த வேலை; பதவியின் பெயர் புரோகிராம் ஸ்பெஷலிஸ்ட். அதைக் கேட்டதும் வீட்டுச் சொந்தக்காரர் என்னைக் கம்ப்யூட்டர்காரன் என்று முடிவுகட்டி, அவருடைய பிரிண்டரைச் சரிசெய்யக் கூப்பிடுவார். நானும் போய்ச் செருகியைப் பிடுங்கி மறுபடி செருகிவிட்டு வருவேன். பாதி நாள் அது வேலை செய்தது. அலுவலகத்தில் நான் செய்த எதுவும் அந்த அளவுக்குக்கூட வேலை செய்ததில்லை.

மண்ணெண்ணெய் என்றால் எனக்கு ஸ்டெல்லா அக்கா. விவேக் நகரில் கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு புங்க மரம், அதனடியில் அவருடைய இஸ்திரி வண்டி. கரியில் மண்ணெண்ணெய் தெளித்துக் கொளுத்தி, பெட்டியில் போட்டு, முறம் போன்ற ஓர் அட்டையால் விசிறுவார். அந்தப் புகையும், ஈரத் துணி வேகிற வாசமும், மேலே புங்கம்பூவும் சேர்ந்து ஒரு மணம் வரும். அதை எதனோடு ஒப்பிடுவதென்று இன்றுவரை தெரியவில்லை. மார்ச் வந்தால் பூ கொட்டும். பொரி சிந்தியது போலத் தரையெல்லாம் வெளுத்துக் கிடக்கும். தேய்த்து அடுக்கிய சட்டைகளின் மேலும் விழும். அவர் குனிந்து ஊதிவிட்டு அடுத்த சட்டையை எடுப்பார். அப்படியும் என் சட்டைப் பையில் இரண்டு பூ இருக்கும். கூட்டங்களில் பேனா எடுக்கையில் மேசைமேல் விழுந்து என் மானத்தை வாங்கும்.

“இன்னா ஃபாரஸ்ட்டு, காடெல்லாம் சவுக்கியமா கீதா?” இதுதான் அவர் எனக்குச் சொல்லும் வணக்கம். என் பெயரை அவர் கேட்டதே இல்லை.

அந்த மரத்துக்கு ஒருநாள் நானே கோடு போட்டேன். அக்கா அன்று வண்டி போடவில்லை. சொந்தத்தில் கல்யாணம் என்று கே.ஜி.எஃப். போயிருந்தார். வெட்டுவதாக இருந்த மரத்தை, கெஞ்சிக் கூத்தாடிப் பெயர்த்து நடும் பட்டியலுக்கு மாற்றியிருந்தேன். அந்தச் சந்தோஷத்தில் கோடு கொஞ்சம் தடிமனாகவே விழுந்தது.

மரம் எடுக்கிற அன்று என்னை அங்கே இருக்க விடவில்லை. எத்தனை மரங்களைக் காப்பாற்றுகிறோம் என்று பெரியவர்களுக்குப் படம் போட்டுக் காட்டுகிற கூட்டம் இருந்தது. கூட்டம் முடிந்து பஸ் பிடித்து, அத்திபெலே தாண்டி ஏரிக்கரையில் நடுகிற இடத்துக்கு ஓடினேன். மரம் கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தது. கிளையெல்லாம் கழித்து, வேரில் சாக்கு சுற்றி, அடையாளமே தெரியவில்லை. பெல்ட் உராய்ந்து பட்டை முழுக்கச் சிராய்ப்பு. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். கோட்டைக் காணோம்.

“எந்தப் பக்கம் வடக்கு?” என்று கிரேன்காரரிடம் கேட்டேன். அவர் கையை நீட்டி ஓசூர் ரோட்டைக் காட்டினார். அவர்மேல் குற்றமில்லை, நான் மரத்தின் வடக்கைக் கேட்டேன், அவர் ஊரின் வடக்கைச் சொன்னார். கிரேனை அடுத்த வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று எல்லோரும் பறந்தார்கள். குழியில் இறக்கிவிட்டார்கள். எந்தப் பக்கம் எந்தத் திசைக்கு வந்ததோ, அப்படியே நின்றது.

முதலில் துளிர்த்தது. செம்புநிறத் தளிர்கள், ஈரமாக மின்னின. ஸ்டெல்லா அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் தளிரைத் தொடாமல் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார், குழந்தைக்கு ஜுரம் பார்ப்பவர்போல. பிறகு என்னிடம் ரகசியம்போலச் சொன்னார்:

“உனக்கு ஒண்ணு தெரியுமா? வெட்றதுக்குப் பெயிண்ட் அடிச்சு வெச்சிருந்தானுங்க. நான் கல்யாணத்துலருந்து வந்து பாத்தேன். சீமெண்ணெ ஊத்தித் தேய்தேய்ன்னு தேச்சு சுத்தமா எடுத்துட்டேன்ல. அதான் வெட்டாம தூக்கினு வந்தானுங்க. இல்லன்னா இந்நேரம் விறகு!”

நான் மரத்தைப் பார்த்தேன். மரம் எங்கேயோ பார்த்தது.

“நல்ல வேலை செஞ்சீங்க அக்கா” என்றேன். வேறு என்ன சொல்வது, நீங்களே சொல்லுங்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அந்தக் கோடையில் மேற்குப் பக்கத்துப் பட்டை வெடித்தது. விரலால் தொட்டால் ஓடு போலக் கழன்று வந்தது. உள்ளே பூச்சி. தண்ணீர் லாரி வரும் வரும் என்றார்கள். வந்தபோது வேறு ஏரிக்கு வந்தது. ரேஞ்ச் அதிகாரியிடம் போய் நின்றேன். நல்ல மனிதர்தான், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். “நோட்ரீ, நம்ம கையல்லி ஏனூ இல்ல” என்றார், தன் கையில் ஒன்றும் இல்லை என்று. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக்கூடக் காட்டினார். உண்மையிலேயே ஒன்றும் இல்லை. நான் குடத்தில் மொண்டு ஊற்றிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மரத்துக்கு அது வாய் கொப்பளிக்கக்கூடப் போதாது. தளிர்கள் ஒவ்வொன்றாகக் கருகின. ஒப்பந்தம் முடிந்து என்னையும் அனுப்பினார்கள். இப்போது அந்தக் கரையில் நடைபாதையும் உடற்பயிற்சிக் கம்பிகளும் இருக்கின்றன. மரம் நின்ற இடம் எது என்று என்னால் சொல்ல முடியாது.

மரம் போனதை மட்டும் அக்காவிடம் சொன்னேன். ஈரத் துணியை உதறிக்கொண்டே கேட்டார். தண்ணீர் என் முகத்தில் தெறித்தது, நான் துடைக்கவில்லை.

“நான் வெட்டுலருந்து காப்பாத்திக் குடுத்தேன். நீங்க ஒரு வாய் தண்ணி ஊத்தாம சாகடிச்சிட்டீங்க” என்றார். தலையை ஆட்டினேன். அந்தப் பாரத்தை நாங்கள் சுமப்பதே நல்லது என்றிருந்தது. முழுப் பொய்யும் இல்லையே. வெயிலா, தண்ணீரா, பூச்சியா, திசையா, எது கொன்றது என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லப்போவதில்லை.

இப்போது அவர் வண்டி ஒரு காம்பவுண்ட் சுவரோரம், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிறது. பகலில் அடியில் நின்றால் முகமெல்லாம் நீலமாகத் தெரியும். என் சட்டைப் பையில் பூ விழுவதில்லை. மார்ச் வந்ததே பல நேரம் எனக்குத் தெரிவதில்லை.

இன்று மாலை அட்டை வாங்கி வந்து எழுதிவிட்டேன். ‘இது வெட்டும் குறி அல்ல. மரத்தின் வடக்கு. அழித்தால் மரம் பிழைக்காது.’ தமிழில் நான். கன்னடத்திலும் உருதுவிலும் அறைத் தோழர்கள். ஆணி அடிக்கக் கூடாது, கயிற்றில் கட்ட வேண்டும். அழிந்த கோட்டை நாளைக்குச் சுண்ணாம்புக் கட்டியால் நானே திரும்ப இழுத்துவிடுவேன். அதற்கான அதிகாரம் இப்போது எனக்கில்லை.

எழுதி முடித்துக் காயவைத்த பிறகுதான் கடைசி வரி கண்ணில் உறுத்தியது. நீலசந்திராவுக்கும் விவேக் நகருக்கும் எவ்வளவு தூரம்? அக்காவின் தங்கை வீடே அந்தத் தெருவில்தான். போகிறபோது வருகிறபோது படிப்பார். கடைசி வரியை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடித்தால் அந்த நைட்டி அம்மா நாளைக்கும் தேய்ப்பார். பேனாவை மூடி வைத்தேன்.

ஆகவே அட்டையைக் கட்டுவதற்கு முன் விவேக் நகர் போக வேண்டும். அட்டை சொல்வதற்கு முன் நான் சொல்ல வேண்டும். “அப்போ நான்தான் கொன்னேனா, ஃபாரஸ்ட்டு?” என்று அவர் கேட்பார். சட்டையைக் கொடுத்துவிட்டு, அவர் பெட்டியை விசிறுகிற நேரத்தில் பேச்சை எடுக்கலாம் என்றிருக்கிறேன். ஒரு சட்டைக்குள் சொல்லி முடிக்கிற காரியமில்லை. கசங்கியதாகப் பார்த்து மூன்று எடுத்து வைத்திருக்கிறேன்.