பெரியக்காவிடம் தோற்பது எப்படி?

நோர்வேயில் போன நத்தார் நாள், அதாவது கிறிஸ்மஸ், மாலை ஐந்து மணி. மைனஸ் ஒன்பது. ஹொல்ம்லியாவிலிருந்து நடந்துகொண்டிருந்தேன். ஒரு பொக்கற்றில் இரண்டு தோடம்பழம் (ஆரஞ்சுதான்), மற்றதில் மொபைல்.

அடுத்த ரயிலுக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. நின்று விறைப்பதைவிட நடந்து விறைக்கலாம் என்பது என் கொள்கை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட நாளிலிருந்து அதே கொள்கைதான்... ஊர்கள்தான் மாறின.

மொபைல் அடித்தது. யோகன். புருசெத்தில் நானும் அவனும் ஒரே அறை.

"எங்கை நிக்கிறாய்?"

"நிக்கேல்லை, நடக்கிறன்."

"விருந்து எப்பிடி?"

"பத்துக் கறி. முழு மீன்."

"பிறகென்ன, சந்தோசமா வாவன்."

"வேலை போட்டுது."

"அடேய்... விருந்துக்குப் போய் ஆரும் வேலையைத் துலைப்பாங்களே?"

துலைக்கலாம். அதற்கு மாஜோங் தெரிந்திருந்தால் போதும்.

நான் வேலை செய்தது ஒரு சீன உணவகத்தில். கோப்பை கழுவுவது. வாரத்தில் நாலு மாலை. முதலாளி ஹொங்கொங்காரர். சீனப் புதுவருடத்தன்று அவர்கள் கொண்டாடுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அன்றுதான் கடை நிரம்பி வழியும். நோர்வேக்காரர் வந்து கொண்டாடுவார்கள், சீனர்கள் பரிமாறுவார்கள், நான் கழுவுவேன். ஆகவே இவர்கள் ஹொல்ம்லியாவில் முதலாளி வீட்டில் குடும்பமாகக் கூடுவது நத்தாருக்கு. கடை பூட்டியிருப்பது அப்போதுதான்.

கூடினால் சாப்பாடு. சாப்பிட்டால் மாஜோங். காசு வைத்துத்தான். சொந்தத்துக்குள் சூதா என்று ஒருமுறை கேட்டேன். "வெளியாளோட விளையாடினாத்தான் சூது" என்றார் முதலாளி.

மாஜோங் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சீட்டுக்குப் பதில் கட்டைகள். ஆளுக்குப் பதின்மூன்று. ஒன்றை எடுத்து ஒன்றை எறிய வேண்டும். மற்றவர் எறிந்தது தேவையென்றால் அதையும் எடுக்கலாம். ஒரே மாதிரியோ வரிசையாகவோ மூன்று மூன்றாக நாலு கூட்டம், கூடவே ஒரு சோடி. முதலில் சேர்த்தவர் வென்றார். குசினியில் ஓய்வு நேரங்களில் பார்த்துப் பார்த்தே எனக்குப் பிடிபட்டுவிட்டது. வழக்கமாக நாலாவது ஆளாக உட்காரும் முதலாளியின் மச்சான் இந்த முறை ஹொங்கொங் போய்விட்டான். முதலாளி, அவர் மனைவி, முதலாளியின் பெரியக்கா... நாலாவது நான்.

விளையாட்டுக்கு முன் முதலாளி என்னைப் பல்கனிக்குக் கூட்டிப் போனார். (நாங்கள் கதைத்தது உடைந்த நோர்வே மொழியில். எழுதும்போது அது என் ஊர்த் தமிழாகத்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

"இஞ்சை பார். அக்காதான் வெல்ல வேணும்."

"அவ கெட்டிக்காரிதானே?"

"கெட்டிக்காரி எண்டா நான் ஏன் உன்னைக் குளிருக்குள்ளை கூட்டிக்கொண்டு வாறன்?"

விஷயம் இதுதான். ட்வெய்ட்டாவில் இரண்டாவது கடை எடுக்கப் பார்க்கிறார். கட்டடச் சொந்தக்காரர்கள் ஒரு பொறுப்புக் கையெழுத்துக் கேட்கிறார்கள். வசதியுள்ளவர் முதலாளியின் மூத்த அக்கா. நகரத்தில் இரண்டு உணவகம் வைத்திருக்கிறார். அவர் கையெழுத்து விழுந்தால் கடை. கடை வந்தால் எனக்கு அங்கே சமையல் வேலை... முழுநேரம், நிரந்தரம்! நாலு வருடத்தில் ஐந்து வேலை பார்த்தவனுக்கு அந்தச் சொல் எப்படி இனிக்கும் தெரியுமா?

"ஓம் முதலாளி" என்றேன். தோற்பது என்ன கஷ்டமா?

பெரியக்கா வந்தார். குட்டை உருவம், பச்சைக் கம்பளிச் சட்டை, கையில் ஒரு சிவப்பு நூல். நோர்வேயின் ஐந்து குரோனர் நாணயக் குற்றிக்கு நடுவில் ஓட்டை இருக்கிறதல்லவா? வென்ற குற்றிகளை அந்த நூலில் கோத்துக்கொண்டே போவார். பூக்கட்டுவது மாதிரி.

விளையாட்டு என்றால் அப்படி ஒரு விளையாட்டு! முதலாளி யோசிப்பதுபோல் நெற்றியைத் தேய்த்துவிட்டு, அக்காவுக்கு வேண்டிய கட்டையை எறிவார். மனைவி எதுவும் பேசாமல் எறிவார். அக்கா வெல்வார். "ஐயோ, திரும்பவும் அக்காவா!" என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். உடனே கணவனும் மனைவியும் தங்கள் கட்டைகளைக் கவிழ்த்துக் கலைத்துவிடுவார்கள். எவ்வளவு வேகம்! அடுத்த ஆட்டத்துக்கான அவசரம் என்றுதான் நினைத்தேன்.

நான்காவது ஆட்டத்தில் வந்தது வினை. எனக்கு ஏழு மூங்கில் கீறிய கட்டை ஒன்று வந்தால் வெற்றி. வந்தது. எறிந்தேன். நிரந்தர வேலைக்காக எறிந்தேன். அடுத்து முதலாளி ஒரு பச்சைக் கட்டையை எறிந்தார். பெரியக்கா கைதட்டி வென்றார்.

நானோ என் பதின்மூன்று கட்டைகளையும் மேசையில் விரித்து வைத்தேன்.

ஏன்? யாழ்ப்பாணத்தில் முந்நூற்றிநாலு என்ற சீட்டு விளையாடியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்களுக்கு ஆட்டம் பத்து நிமிடம், விசாரணை அரை மணித்தியாலம். முடிந்ததும் எல்லோரும் சீட்டை விரிக்க வேண்டும். ஆர் துரும்பை ஒளித்தது, ஆர் மணலை, அதாவது ஒன்பதை, விட்டு ஜாக்கைப் போட்டது, ஆருக்கு மூளை இல்லை என்று தீர்ப்புச் சொன்னால்தான் அடுத்த கை. என் விரல்களுக்கு அதுதான் தெரியும். நான் தோற்கச் சம்மதித்தேன். என் விரல்களிடம் யாரும் கேட்கவில்லை.

பெரியக்கா என் கட்டைகளைப் பார்த்தார். நடுவில் கிடந்த ஏழு மூங்கிலைப் பார்த்தார்.

"இதை ஏன் எறிஞ்சனீ?"

"தெரியாமல், அக்கா..."

 பெரியக்கா கையை நீட்டி, முதலாளி கலைப்பதற்கு முன் அவருடைய கட்டைகளைப் பிரட்டினார். இன்னும் இரண்டு பச்சை! மூன்று பச்சை கையில் வைத்திருந்தவன் ஒன்றை உடைத்து எறிந்திருக்கிறான். மூளையுள்ள எவனாவது செய்வானா?

"எத்தினை வருசமா?"

 மனைவிதான் சொன்னார்: "பதினொண்டு."

"பதினொரு வருசமா நான் பெரிய விளையாட்டுக்காரி எண்டு நினைச்சுக்கொண்டு திரியிறன்" என்றார் பெரியக்கா. சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "அடுக்குங்கோ. இனி உண்மையா."

உண்மையாக ஆடினோம். அப்போதுதான் தெரிந்தது, அந்த வீட்டில் விளையாடத் தெரிந்தவர் ஒருவர்தான். முதலாளியின் மனைவி. பதினொரு வருடமாகப் பேசாமல் இருந்த அந்தப் பெண் கட்டையை மேசையில் அறைந்த சத்தத்தில் தேத்தண்ணிக் கோப்பைகள் துள்ளின. ஆறு ஆட்டம். ஆறும் அவருக்கு. கடைசியில் பெரியக்கா நூலை அப்படியே கழற்றி அவர் முன்னால் வைத்துவிட்டு, கோட்டைப் போட்டார்.

"அக்கா, அந்தக் கையெழுத்து..." என்றார் முதலாளி.

"யோசிக்கிறன்."

டாக்சி போனது. முதலாளி என்னிடம் திரும்பினார்.

"கட்டையை ஏன் திறந்தனீ?"

"எங்கடை பழக்கம், முதலாளி."

"இனி வராதை."

அவர் மனைவி வாசலில் இரண்டு தோடம்பழத்தைக் கையில் வைத்து அனுப்பினார். வெறுங்கையோடு அனுப்பக் கூடாதாம்.

நடந்துகொண்டே யோசித்தேன். இவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை? நம்முடைய விருந்துகளிலும் ஒரு வசதியான மாமா இருக்கிறாரே... அவருடைய பகிடிக்கு நாம் சிரிக்கும் சிரிப்பு என்ன சிரிப்பு? கட்டை இல்லை, அவ்வளவுதான். எத்தனை மாமாமார் தங்களைப் பெரிய பகிடிக்காரர் என்று நம்பிக்கொண்டே கண்ணை மூடியிருப்பார்கள்!

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு மொபைல் அடித்தது. முதலாளியின் மனைவி.

"அக்கா இப்பதான் எடுத்தவ. கையெழுத்துப் போடுறாவாம்."

"நல்லது, அம்மா."

"கடை என்ரை பேரிலை எண்டாத்தானாம். பதினொரு வருசம் கையை அடக்கி வைச்சிருந்தவள் கடையையும் நடத்துவாளாம்." பிறகு என்னைக் கேட்டார்: "நீ வாறியோ? நிரந்தரம். பழைய உடுப்போட வா."

ட்வெய்ட்டாவுக்குப் போனேன். அளவெடுக்கக் கொடுத்த சாவி அவரிடம் இருந்தது. அதற்கு முன் அங்கே இருந்தது ஒரு பொரியல் கடை. சுவரெல்லாம் விரல் தடிப்புக்கு எண்ணெய்ப் பிசுக்கு. சமையல்காரனாக என் முதல் வேலை அதைச் சுரண்டுவது. எனக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று இன்னொருவரும் சுரண்டிக்கொண்டிருந்தார்... பழைய முதலாளி.

அரை மணித்தியாலம் சுரண்டினோம். பிறகு அவர் என் காதருகே வந்தார்.

"வாற வருசம் இவளுக்கும் விட்டுக் குடுக்க வேணும், கவனம்."

புது முதலாளி மேசையை அளந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"தேவைப்படாது."