அறுபத்திரண்டு வீதம்

போர்க்காலத்தில் நானும் அக்காவும் மலைநாட்டில், கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். அக்கா பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். நான் ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கித் தட்டச்சு செய்து வந்தேன். எங்களிடமிருந்த ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தன. விண்டோஸ் பக்கத்தில் அம்மாவின் படங்கள். அவர் இருந்த யாழ்ப்பாணத்துக்கான பாதை போரால் பூட்டப்படுமுன் கடைசியாக எடுத்தவை. லினக்ஸ் பக்கத்தில் என் வேலை. அங்கே இடம் முடிந்துவிட்டது.

எதையும் அழித்துத் திரும்ப நிறுவத் தேவையில்லை, வட்டில் விண்டோஸின் பங்கைச் சுருக்கி லினக்ஸுக்குக் கொடுக்கலாம் என்று வாசித்திருந்தேன்.

"முதல்ல படங்களைச் சீடியில எழுதி வையன்," என்றார் அக்கா.

"ஒண்டும் நடக்காது அக்கா. கரண்ட் நிண்டால்தான் பிரச்சினை."

ஞாயிறு காலை தொடங்கினேன். திரையில் ஒரு பட்டை மெல்ல நீண்டது. வட்டில் இருந்தவை இடம் மாறிக்கொண்டிருந்தன; நடுவில் நிறுத்தக்கூடாது.

பதினொரு மணிக்குப் பொலிஸார் சோதனைக்கு வந்தார்கள். எனக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. இரண்டு மொழியும் தெரிந்த, அலவத்துகொடையைச் சேர்ந்த எங்கள் வீட்டுக்காரர்தான் இடையில் நின்று பேசினார்.

"தம்பி, கம்ப்யூட்டரத் தொறந்து காட்டச் சொல்றாங்க."

"இப்ப ஏலாது. உள்ளுக்கு இடம் மாத்துது. இன்னும் ரெண்டு மணித்தியாலம் செல்லும் எண்டு சொல்லுங்கோ."

அவர் சொன்னார். அதிகாரி பட்டையைப் பார்த்தபடி ஏதோ கேட்டார்.

"எதையாவது அழிக்கிறீங்களாண்டு கேக்குறாங்க." வீட்டுக்காரரின் குரல் இறங்கியிருந்தது.

இல்லை என்று தமிழில் சொன்னேன், ஆங்கிலத்திலும் சொன்னேன். சிங்களத்தில் "நே சேர்" என்பதற்கு மேல் எனக்கு வரவில்லை. சுருக்குவது வேறு, அழிப்பது வேறு என்பதை அதை வைத்துக்கொண்டு எப்படி விளக்குவது? அதிகாரி குனிந்து சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றினார். திரை அணைந்தபோது பட்டை அறுபத்திரண்டு வீதத்தில் நின்றிருந்தது.

பிறகு அலுமாரியைக் கிளறினார்கள், அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. போகும்போது, இனிப் போட்டுக்கொள் என்று அதிகாரி பிளக்கைக் கைகாட்டினார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை.

போட்டேன். லினக்ஸ் ஒன்றும் நடக்காததுபோல எழும்பியது. விண்டோஸ் எழும்பவில்லை. ஒரு கிழமை மீட்பு மென்பொருட்களோடு மல்லுக்கட்டினேன். பெயரில்லாமல் சில படங்கள் வந்தன, பெரும்பாலும் பாதியாக. அம்மா கிணற்றடியில் நின்ற படத்தில் தென்னோலையும் அவருடைய நெற்றியும் இருந்தன. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

"கீழ்ப்பக்கம் வருமோ?" அக்கா கேட்டார்.

"இல்லையக்கா. இவ்வளவுதான் இருக்கு."

புதுப் படம் ஒன்று எடுத்து அனுப்பச் சொல்லி அம்மாவுக்கு எழுதினோம். பதில் வர நான்கு மாதமானது. சந்தியிலிருந்த ஸ்டூடியோ பூட்டியே கிடக்கிறது, திறந்ததும் எடுப்பதாக எழுதியிருந்தார்.