தலையில்லாத கம்பி

"தம்பி, இது என்ன கம்பி?"

"டங்ஸ்டன் கம்பிதான். வெள்ளிக் கம்பியா குடுப்பாங்க?" என்றார் ஸ்டோர்காரர்.

"எந்த டங்ஸ்டன்னு கேக்கறேன். தலை எங்க?"

"பாதியா உடைச்சிட்டேன்க்கா. ஒண்ணு ரெண்டாகும்ல? மிச்சம்தானே."

"உன் மூக்குக் கண்ணாடியையும் பாதியா உடைச்சுக்க. இன்னொருத்தருக்கு ஆகும்."

பக்கத்து மேசையில் கடிதம் அடித்துக்கொண்டிருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அன்று காலை அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

கேட்டவரைப் பட்டறையில் எல்லாரும் ஊசியக்கா என்பார்கள். வெல்டிங் டார்ச்சில் செருகும் கம்பியை ஊசி போலத் தீட்டுவார், அதுவும் நீளவாக்கில்தான். அவருடைய சாணைக்கல்லில் வேறு இரும்பைத் தேய்த்தவன் தொலைந்தான். "உன் பல்லை என் பிரஷ்ல தேய்ப்பியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவார்.

கம்பியை வாங்கியதும் அவர் கண் முதலில் போவது அதன் தலைக்கு. அங்கே ஒரு நிறம் பூசியிருக்கும். பொன்னிறம் எஃகுக்கு, பச்சை அலுமினியத்துக்கு. மற்றபடி இரண்டும் ஒரே சாம்பல் குச்சி. பச்சையை எஃகில் வைத்தால் முனை உருகிச் சொட்டி, ஜாயின்ட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் நிறமுள்ள முனையை அவர் ஒருநாளும் தீட்டியதில்லை. ஸ்டோர்காரரோ கம்பிகளை உடைத்து, நிறமில்லாத பாதிகளையெல்லாம் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஊசியக்கா அவற்றுக்கு வைத்த பெயர் மொட்டை.

அன்று அவரிடமிருந்த பொன்னிறக் கம்பி தீர்ந்து, கையில் இருந்தது ஸ்டோரில் கொடுத்த மொட்டை மட்டும்தான். நீராவிக் குழாய் ஒன்று உடனே முடிய வேண்டும். அது பொன்னிறமா பச்சையா என்று துண்டுத் தகட்டில் எரித்துப் பார்க்க ஐந்து நிமிடம் கேட்டார். "உங்க ஆராய்ச்சிய அப்புறம் வச்சுக்குங்க" என்றார் சூப்பர்வைசர். பாதி ஜாயின்ட்டில் மொட்டையின் முனை உருண்டு சொட்டியது. ஊசியக்கா அப்படியே நிறுத்தினார். அந்த இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டுவிட்டு, அதைச் செதுக்கி எடுக்க வேண்டும் என்று சொல்ல சூப்பர்வைசரைத் தேடிப் போனார். திரும்பி வந்து பார்த்தால் சூப்பர்வைசரின் கையில் துணி, வட்டத்தைக் காணோம். மிச்ச ஜாயின்ட்டை வேறொருவர் முடித்துக்கொண்டிருந்தார்.

குழாயைச் சோதித்த எக்ஸ்ரே படத்தில் அதே இடத்தில் வெள்ளைப் பொட்டு. மெமோ வந்தது ஊசியக்காவுக்கு, ஆங்கிலத்தில். கடிதம் அடிக்கும் பெண்தான் அதைப் படித்துச் சொன்னாள்.

"கவனக்குறைவுன்னு போட்டிருக்காங்க. மூணு நாள்ல பதில் தரலைன்னா, குழாய் வேலைலேருந்து எடுத்துத் துரு தேய்க்கிற பக்கம் போடுவாங்களாம்."

"யாரோட கவனக்குறைவு?"

"உங்களோடதுன்னுதான்..."

"பதினெட்டு வருஷம்மா. ஒரு பொட்டு இல்ல என் ஜாயின்ட்ல. உடைச்சவன் அங்க உக்காந்து டீ குடிக்கிறான். துடைச்சவன் மெமோ குடுக்கறான்."

பதிலை அவள் வழக்கம்போலவே தொடங்கினாள். ஊசியக்கா ஒவ்வொரு வரிக்கும் தமிழில் அர்த்தம் கேட்டார்.

"முதல் வரி என்ன?"

"நடந்ததுக்கு வருந்துகிறேன்னு. எல்லாக் கடிதத்துலயும் அப்படித்தான்க்கா போடுவோம்."

"நான் எதுக்கு வருந்தணும்? எடு அத."

அவள் எடுத்தாள். உடைத்தது, அவசரப்படுத்தியது, வட்டம், துணி என்று நடந்ததெல்லாம் நடந்த வரிசையில் வந்தது. அச்செடுத்த தாளை ஊசியக்கா ஒருமுறை தடவிப் பார்த்தார். கருகிய விரல்களால் நிதானமாகக் கையெழுத்திட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த மொட்டைக் கம்பியை எடுத்தார். அதன் நுனியில் உருகிய குண்டு அப்படியே இருந்தது. தன் கையெழுத்துக்குக் கீழே, வெற்றிடத்தில், கோடு கிழித்தது போல அதைக் கிடத்தினார்.

"அவன் உடைச்சேன்னு சொன்னப்ப நீ பக்கத்துலதான இருந்த? சிரிப்பக்கூட அடக்கிக்கிட்ட. நான் பாத்தேன்."

பேனாவைத் திருப்பி, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

"இதுக்குக் கீழ உன் பேரையும் போடறியாம்மா?"